ஹெடர் மட்டுமேயான லைப்ரரிகள்: அமைத்தலும் நிறுவுதலும் இணைத்தலும்

சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரல் எழுதப் பயில்வோர்க்கு எதிர்ப்படும் பெரிய இடையூறு மொழியின் இலக்கணத்தினின்று தோன்றுவதன்று. பிறர் எழுதி உலகுக்கு வழங்கியிருக்கும் ஒரு லைப்ரரியைத் தம்முடைய கணினியில் அமைத்து, நிறுவி, தம்முடைய நிரலோடு இசைவிப்பதாகிய காரியத்திலேதான் அவர்களிற் பெரும்பாலோர் முதன்முதலில் மனந்தளர்கிறார்கள். பைதான் மொழியில் எழுதுபவர் பிப் என்னும் கருவிக்கு ஒரு கட்டளை இட்டால், தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் லைப்ரரி அவருடைய கணினிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. சி பிளஸ் பிளஸ் எழுதுபவருக்கோ கம்பைலரின் பதிப்பு, இயங்குதளம், லிங்கருக்கு இடவேண்டிய கட்டளைகள், கோப்புகள் கிடக்கும் அடைவுகள் ஆகிய யாவும் ஒத்துவந்தாலன்றி முதல் வரியே ஓடுவதில்லை. இத்தொல்லையைக் கடப்பதற்கென்று தோன்றிய உபாயங்களுள் மிகப் பரவலானது, மூலக் கோப்பு என ஒன்றும் இன்றி, ஹெடர் கோப்புகளாகவே முழு லைப்ரரியையும் எழுதிக் கொடுத்துவிடுவது. அவ்வுபாயம் எதனால் இயல்கிறது, அதன் சௌகரியத்துக்கு விலை கொடுப்பவர் யார், எவ்வகை லைப்ரரிக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதுங்கால், கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் பிரதேசத்தில், 1984ஆம் ஆண்டில் தோன்றிய நேஷனல் பொறியியற் கல்லூரி போன்ற ஒரு ஸ்தாபனத்திற் பயிலும் மாணவர் ஒருவரை நான் மனத்திற் கொள்கிறேன். அவருக்குத் தம் பிரதேசத்துச் சொற்களைக் கணினியில் அடுக்கவும் எண்ணவும் தேடவும் விருப்பம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். இடைசெவல் கி. ராஜநாராயணன் தொகுத்து 1982இல் வெளிவந்த வட்டார வழக்குச் சொல்லகராதியை எடுத்துப் புரட்டிய எவருக்கும் அவ்விருப்பம் எழுவது இயல்பே. அத்தகைய மாணவர் எழுதக்கூடிய ஒரு சிறு லைப்ரரி, தமிழ் எழுத்தை எண்ணும் லைப்ரரி, இவ்வாராய்ச்சி முழுவதற்கும் உதாரணமாக நமக்குத் துணைவரும்.

முதலில் ஹெடர் கோப்பின் இயல்பை அறிதல் வேண்டும். டென்னிஸ் ரிச்சி பெல் ஆய்வுக்கூடத்தில் சி மொழியை உருவாக்கிய 1970களின் தொடக்கத்தில் கணினிகளின் நினைவகம் மிகக் குறுகியதாயிருந்தது. பெரியதொரு நிரலைப் பல மூலக் கோப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கம்பைலரிடம் கொடுத்து ஆப்ஜெக்ட் கோப்பாக்கிக்கொண்டு, இறுதியில் லிங்கர் என்னும் கருவியால் அவற்றையெல்லாம் கோத்து ஒரே நிரலாக்குவது அக்காலத்தில் நிலைபெற்ற முறை. ஒரு கோப்பை மொழிபெயர்க்கும்போது கம்பைலர் மற்றொரு கோப்பின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே அங்கே இன்ன பெயருடைய செயற்கூறு ஒன்று இருக்கிறது, அது இன்ன வகையான மதிப்புகளை ஏற்று இன்ன வகையான மதிப்பைத் திருப்பித் தரும் என்னும் அறிவிப்பை அதற்கு முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். அவ்வறிவிப்புகளைத் தொகுத்து வைக்கும் இடமே ஹெடர். செயற்கூற்றின் உடல் மூலக் கோப்பில். அதன் அறிமுகம் மட்டும் ஹெடரில். 1979இல் பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் தொடங்கிய முயற்சி சி பிளஸ் பிளஸ் ஆகக் கனிந்தபோது, இந்தப் பிரிவினையும் கூடவே பிதுரார்ஜிதமாய் வந்து சேர்ந்தது.

பிரிவினை நல்லதுதான், ஆயினும் பிறருக்கு வழங்கும் லைப்ரரி ஒன்றை முன்கூட்டியே கம்பைல் செய்து ஆப்ஜெக்ட் வடிவிற் கொடுத்தால், வாங்குபவரின் கம்பைலரும் கொடுத்தவரின் கம்பைலரும் பல நுண்ணிய விஷயங்களில் உடன்பட்டிருக்க வேண்டியதாகிறது. விஷுவல் ஸ்டூடியோவில் பிழைதேடும் நிலையில் அமைத்த லைப்ரரியை வெளியீட்டு நிலையில் அமைக்கும் நிரலோடு கோக்க இயலாமற் போவது, அம்முறையைக் கையாண்டோர் அனைவரும் அறிந்த அனுபவம். லினக்ஸிலும் கம்பைலரின் தலைமுறை மாறுங்கால் இதையொத்த பிணக்குகள் எழுந்ததுண்டு. மூல நிரலையே கொடுத்துவிட்டால் அப்பிணக்குகள் தீரும். ஆனால் மூலத்தை வாங்கியவர் அதனை அமைக்கும் பிரயாசையை மேற்கொள்ள வேண்டும்.

ஹெடருக்குள் அறிவிப்பு மட்டுமன்றி உடலும் புகுந்த கதை டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்குகிறது. எண்களின் பட்டியலுக்கும் சொற்களின் பட்டியலுக்கும் வெவ்வேறு நிரல் எழுதாமல், வகை இன்னதென்று சொல்லாத பொதுவான அச்சு ஒன்றை எழுதி வைத்து, உபயோகிப்பவர் வகையைச் சொல்லும்போது கம்பைலரே அதற்குரிய நிரலை வார்த்துக்கொள்ளும்படி செய்வது டெம்ப்ளேட். வார்ப்பதற்கு அச்சு முழுவதும் கண்முன் இருக்க வேண்டும். அறிமுகம் மட்டும் போதாது. அலெக்சாண்டர் ஸ்டெபனோவும் மெங் லீயும் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தில் உருவாக்கிய டெம்ப்ளேட் லைப்ரரியை 1994ஆம் ஆண்டு ஜூலையில் தர நிர்ணயக் குழு ஏற்றுக்கொண்டபோது, ஏறக்குறைய முழுவதும் ஹெடரிலேயே வாழும் ஒரு லைப்ரரி மொழியின் அங்கமே ஆகிவிட்டது. டெம்ப்ளேட்டின் உடலை மூலக் கோப்பில் ஒளித்து வைக்கவும் ஒரு வழி வேண்டும் என்று கருதி, 1998இன் தரநூலில் அதற்கெனத் தனிச்சொல் ஒன்றை வைத்தார்கள். அதனை நடைமுறைப்படுத்துவது மிகக் கடினமாயிருந்தமையால் பெரிய கம்பைலர்கள் ஏற்கவில்லை. 2011இன் தரநூல் அந்த ஏற்பாட்டையே நீக்கிவிட்டது. இத்தோல்வியின் விளைவாக, டெம்ப்ளேட் மிகுந்த லைப்ரரி எழுதுவோர்க்கு ஹெடரைத் தவிர வேறு புகலிடம் இல்லாமற் போயிற்று. 1998இல் தோன்றிய பூஸ்ட் தொகுதியின் பெரும்பகுதியும், நேரியல் இயற்கணிதத்துக்குரிய ஐகன் லைப்ரரியும் இவ்வழி நின்றன.

டெம்ப்ளேட் அல்லாத சாதாரணச் செயற்கூற்றின் உடலை ஹெடரில் எழுதினால் என்ன நேரும்? அந்த ஹெடரைச் சேர்த்துக்கொண்ட ஒவ்வொரு மூலக் கோப்பும் அச்செயற்கூற்றின் பிரதி ஒன்றைத் தன்னுள் கொள்ளும்; லிங்கர் அவற்றைக் கோக்க முற்படும்போது ஒரே பெயருக்குப் பல உடல்கள் இருப்பதைக் கண்டு மறுத்துவிடும். இதனைத் தவிர்ப்பது இன்லைன் என்னும் சொல். அது இன்று தெரிவிப்பது இவ்வளவே: இதன் பிரதிகள் பல இடங்களில் இருக்கலாம், அவை அனைத்தும் ஒன்றே என்று நான் உறுதி கூறுகிறேன், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுக. லிங்கர் அவ்வுறுதியை நம்புகிறது; சோதிப்பதில்லை. டெம்ப்ளேட்டுகளுக்கு இச்சலுகை இயல்பாகவே உண்டு. 2017இன் தரநூல் மாறிகளுக்கும் இச்சலுகையை விரித்தபின், ஹெடருக்குள்ளேயே அட்டவணைகளை வைப்பதும் எளிதாயிற்று. சி மொழியில் எழுதுவோர்க்கு இச்சௌகரியம் இவ்வடிவில் இல்லாமையால், ஷான் பேரட் தம்முடைய எஸ்டிபி தொகுதியில் வேறொரு தந்திரத்தைக் கையாண்டார்: உபயோகிப்பவர் தம் மூலக் கோப்புகளுள் ஒன்றே ஒன்றில் குறித்ததொரு மேக்ரோவை வரையறுத்துவிட்டு ஹெடரைச் சேர்த்தால் அங்கே மட்டும் உடல் வெளிப்படும், மற்ற இடங்களில் அறிவிப்பு மட்டும் தோன்றும். படக்கோப்புகளைத் திறக்கும் அவருடைய சிறு லைப்ரரி எண்ணிறந்த நிரல்களுக்குள் புகுந்திருப்பதற்கு இந்த எளிமையே காரணம்.

இதுகாறும் கூறியவற்றால், ஹெடர் லைப்ரரியில் கம்பைல் செய்யும் வேலை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பது விளங்கும். கரிசல் மானாவாரி நிலத்தில் பருத்தியையும் சோளத்தையும் நாற்றாக வாங்கி நடுவதில்லை. மழைக்கு முன்பே புழுதியில் விதையாக இடுகிறார்கள். விதையைச் சுமப்பது எளிது, எந்நிலத்துக்கும் கொண்டுபோகலாம், நிலத்துக்கேற்ப அது முளைக்கிறது. ஆனால் முளைக்கும் செலவு அந்தந்த நிலத்தினுடையது, ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகச் செலுத்தவேண்டியது. லைப்ரரியை எழுதியவர் ஒருமுறை செய்திருக்கக்கூடிய வேலையை, ஹெடரைச் சேர்த்த ஒவ்வொரு மூலக் கோப்பும், ஒவ்வொரு முறை அமைக்கும்போதும், மீண்டும் மீண்டும் செய்கிறது.

நம்முடைய உதாரணத்துக்கு வருவோம். யூனிகோடில் தமிழுக்குரிய குறிகள் யூடிஎஃப்-8 முறையில் எழுதப்படும்போது ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்கின்றன. முதற் பைட்டு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. கோவில்பட்டி என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டால், நம் கண்ணுக்கும் இலக்கணத்துக்கும் அது 6 எழுத்து. யூனிகோடுக்கு அது 11 குறி. சி பிளஸ் பிளஸ் மொழியின் சாதாரணச் சொற்சரத்தைக் கேட்டாலோ 33 என்று விடை வரும். மேலும் ஒரு சிக்கல்: முதலெழுத்தாகிய ‘கோ’வைக் ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டு குறிகளாலும் எழுதலாம், ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே இட்டு மூன்று குறிகளாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எண்ணிக்கையில் இரண்டாவது 12 குறி, 36 பைட்டு. தேடும்போது ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது.

எழுத்தை எண்ணுவதற்குரிய விதி சுருக்கமானது. உயிரோ ஆய்தமோ அகரமேறிய மெய்யோ வந்தால் புதிய எழுத்து தொடங்குகிறது. புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது முன்னெழுத்தைச் சாரும். மேற்சொன்ன இரட்டைவடிவச் சிக்கலை நீக்க, இரண்டாகப் பிரிந்து வரும் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் விதிகள் மூன்று போதும். அகராதி வரிசையில் அடுக்குவதற்கும் ஒரு சிறிய அட்டவணையே தேவை. யூனிகோட் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து வந்துவிடுவதால், கணினி தானாக அடுக்கினால் பனைக்குப் பின்னரே பயறு வரும். நம் அகராதிகளில் யகரத்துக்கு எவ்வளவோ பின்னர், மெய்களின் இறுதியில் நிற்பது னகரம். 247 எழுத்துக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் வரிசை எண் குறிக்கும் பட்டியலை ஓரிரு பக்கத்தில் எழுதிவிடலாம். இவ்வளவும் சேர்ந்து சில நூறு வரிகளில் அடங்கும் ஹெடர் ஒன்று. பைட்டுகளிலிருந்து குறிகளைப் பிரித்தெடுக்கும் பொதுவான வேலைக்கு யூடிஎஃப்8-சிபிபி என்னும் லைப்ரரி ஏற்கெனவே உண்டு. அதுவும் ஹெடர் மட்டுமேயானது.

இங்கே எல்லைக்கோட்டையும் காண வேண்டும். தமிழ் ஒன்றுக்கு மட்டும் என்றால் அட்டவணை சிறிது. உலகத்து எழுத்துமுறைகள் அனைத்துக்கும் இதே பணியைச் செய்யப் புகுந்தால், யூனிகோட் தரவுகளைச் சுமந்துகொண்டு, ஐசியூ லைப்ரரியைப் போன்ற மிகப் பெரிய அமைப்பாக அது வளர்ந்துவிடும். ஐசியூவை ஹெடராக்குதல் பற்றி யாரும் நினைப்பதில்லை; அதன் தரவுகளைத் தனிக் கோப்பாகவே வைத்திருக்கிறார்கள். ஆகவே ஹெடர் வடிவம் பொருந்துமா என்பதை நிர்ணயிப்பது, லைப்ரரி எத்துணை உயர்ந்த காரியத்தைச் செய்கிறது என்பதன்று. அது சுமக்கும் நிரலும் அட்டவணையும் எவ்வளவு, அவற்றை எத்தனை மூலக் கோப்புகள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும் என்பதே.

கம்பைல் செய்ய ஒன்றும் இல்லாத லைப்ரரியை ‘அமைத்தல்’ என்பதற்குப் பொருள் என்ன என்று மாணவர் கேட்கக்கூடும். லைப்ரரியினுள் கம்பைல் செய்ய ஒன்றும் இல்லை என்பது மெய். அதன் பரிசோதனைகளில் உண்டு. ஒவ்வொரு ஹெடரையும் தனியே சேர்த்து, வேறெதையும் சாராமல் அது கம்பைல் ஆகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. அதனினும் முக்கியமானதும், பெரும்பாலும் விடுபட்டுப்போவதுமான மற்றொன்று: இரண்டு மூலக் கோப்புகளை எழுதி, இரண்டிலும் அதே ஹெடரைச் சேர்த்து, இரண்டையும் ஒரு நிரலாகக் கோத்துப் பார்ப்பது. எங்கேனும் ஒரு செயற்கூற்றுக்கு இன்லைன் என்று எழுத மறந்திருந்தால், ஒரே கோப்பில் சோதித்தவரைக்கும் அது தெரியவே தெரியாது. முதலில் உபயோகிப்பவரின் இரண்டாவது கோப்பிலேதான் வெடிக்கும். எழுத்தெண்ணும் லைப்ரரியை எழுதும் மாணவர் வேறெதை விட்டாலும் இச்சோதனையை விடலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நிறுவுதல் என்பது ஹெடர்களை ஓர் அடைவிலிருந்து மற்றோர் அடைவுக்குப் பிரதி எடுப்பதாகவே மேலுக்குத் தோன்றும். ஐகன் லைப்ரரியின் பயன்முறைக் குறிப்பே, நிறுவுதல் கட்டாயமில்லை, அடைவைக் கம்பைலருக்குக் காட்டினாற் போதும் என்று கூறுகிறது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல், பென் டிரைவில் கொண்டுவந்த அடைவு ஒன்றைத் தம் கோப்புகளின் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டிய மாணவருக்கு இது எத்துணை பெரிய அனுகூலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஒருவருக்குப் பிரதி எடுப்பது வேறு. பலருக்கு வழங்குவது வேறு. உபுண்டுவிலும் டெபியனிலும் ஐகனைத் தொகுப்பாக நிறுவினால், அதன் கோப்புகள் பொதுவான ஹெடர் அடைவுக்குள்ளே ஐகன்3 என்னும் துணையடைவில் சென்று அமர்கின்றன. அத்துணையடைவைக் கம்பைலருக்குக் காட்டாதவர், லைப்ரரியை நிறுவியும் கோப்பு அகப்படவில்லை என்னும் பிழையைக் கண்டு திகைக்கிறார்கள். இந்தத் திகைப்பைத் தீர்ப்பதற்காகவே லைப்ரரி தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ளும் சிறு கோப்புகளை உடன் நிறுவ வேண்டும்.

அவற்றுள் முதன்மையானது, நிரல் அமைத்தலை நடத்தும் கருவியாகிய சிமேக்குக்கு உரியது. 2014இல் வெளிவந்த சிமேக் 3.0, கம்பைல் செய்யப்படாத, ஆனால் தன்னைச் சேர்ந்தவர்க்கு இன்ன அடைவு வேண்டும், இன்ன மொழித்தரம் வேண்டும் என்னும் தேவைகளை மட்டும் கடத்துகிற ‘இன்டர்ஃபேஸ்’ லைப்ரரி என்னும் வகையை ஏற்படுத்திற்று. ஹெடர் லைப்ரரிக்கு இதுவே உரிய வடிவம். உபயோகிப்பவர் பெயரைச் சொல்லித் தேடி, தம் நிரலோடு சேர்த்தால், அடைவும் மொழித்தரமும் தாமே வந்து சேர்கின்றன. இதனோடு பதிப்புக் கோப்பு ஒன்றும் நிறுவப்பட வேண்டும். அக்கோப்பு பொதுவாக 32 பிட் கணினியில் நிறுவியதை 64 பிட் நிரலுக்குத் தர மறுக்கும். கம்பைல் செய்த லைப்ரரிக்கு அம்மறுப்பு நியாயம், ஹெடருக்கு அநியாயம். 2019இல் வந்த 3.14ஆம் பதிப்பு முதல், கணினியின் கட்டமைப்பைப் பொருட்படுத்த வேண்டாம் என்று குறிக்கும் வசதி உண்டு. அதனை அறியாமல் விட்டவர்களின் லைப்ரரி, கோப்புகள் யாவும் சரியாயிருந்தும், கிடைக்கவில்லை என்ற பதிலையே தரும். சிமேக்கைக் கையாளாதவர்க்குப் பிகேஜி-கான்ஃபிக் கோப்பு ஒன்று வைத்தால் நலம். அதில் அடைவு மட்டும் இருக்கும், லிங்கருக்கான வரி வெறுமையாயிருக்கும். நிறுவிய பின்னர், வேறோர் அடைவில் அந்நியர்போல ஒரு சிறு நிரலை எழுதி, நிறுவிய லைப்ரரியைத் தேடிச் சேர்த்து ஓடவிட்டுப் பார்த்தாலன்றி நிறுவுதல் முடிந்ததாகக் கொள்ளக்கூடாது.

இணைத்தலுக்கு வழிகள் பல. கோப்பைப் பிரதி எடுத்துத் தம் நிரலுக்குள் வைத்துக்கொள்வது ஒன்று; கிட் வழியே துணைக்களஞ்சியமாகக் கோத்துக்கொள்வது ஒன்று; 2018 முதல் சிமேக்கில் உள்ளபடி, அமைக்கும் வேளையிலேயே வலையிலிருந்து இறக்கிக்கொள்வது ஒன்று; வீசிபிகேஜி, கோனன் முதலிய தொகுப்பு மேலாளர்களிடம் விட்டுவிடுவது மற்றொன்று. வலைத்தொடர்பு இடையிடையே அறுபடும் இடத்தில் மூன்றாவது வழி தொல்லை தரும். ஒருமுறை இறக்கிய பிரதியை உள்ளே வைத்துக்கொள்ளுதல் அங்கே விவேகம். வைத்துக்கொள்ளுங்கால் எந்தப் பதிப்பு, எந்த நாளில் எடுத்தது என்பதையும் உரிமக் கோப்பையும் உடன் வைத்துக்கொள்வது கடமை. ஹெடரின் உள்ளே உள்ள நிரல் உபயோகிப்பவரின் நிரலுக்குள்ளேயே கலந்துவிடுவதால், உரிமத்தின் வினா ஹெடர் லைப்ரரிகளில் சாதாரணத்தைவிடக் கூர்மையானது. ஐகன் 2012இல் தன் உரிமத்தை எம்பிஎல் 2 ஆக மாற்றிக்கொண்டது, இவ்வகை ஐயங்களைக் குறைத்து உபயோகிப்போரின் அச்சத்தைத் தீர்த்த செயல் என்றே கருதுகிறேன்.

இனி, ஆபத்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். இன்லைன் என்பது ஓர் உறுதிமொழி என்றேன். அவ்வுறுதிமொழி பொய்த்துப்போவதற்கு வழிகள் உண்டு. ஒரே ஹெடரை இரண்டு மூலக் கோப்புகள் வெவ்வேறு மேக்ரோ அமைப்புகளோடு சேர்த்துக்கொண்டால், ஒரே பெயருடைய செயற்கூறு இரண்டிலும் வெவ்வேறு உடல் பெறும். லிங்கர் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது. ஐகனில் இது நடைமுறையிலேயே காணப்படுவது. பிராசசரின் அகன்ற கட்டளைகளைப் பயன்படுத்தும்படி ஒரு பகுதியையும், பயன்படுத்தாதபடி மற்றொரு பகுதியையும் கம்பைல் செய்தால், அணிகளை நினைவகத்தில் எந்த எல்லையில் வைப்பது என்பதில் இரண்டு பகுதிகளும் முரண்பட்டு, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது காரணம் புலப்படாமல் விழுந்துவிடும். பதிப்பு முரணும் இதைப்போன்றதே: நாம் சேர்த்த இரண்டு லைப்ரரிகள், ஒவ்வொன்றும் தன்னுள் ஜேசான் ஹெடரின் வெவ்வேறு பதிப்புகளைப் பிரதி வைத்திருந்தால், ஒரே பெயரின்கீழ் இரண்டு உடல்கள் கலந்துவிடும். நீல்ஸ் லோமானின் ஜேசான் லைப்ரரி 2022இல் வெளிவந்த 3.11ஆம் பதிப்பில், பதிப்பெண்ணையே உள்ளமைந்த நேம்ஸ்பேஸின் பெயரில் பொறித்து இதற்குப் பரிகாரம் தேடிற்று. நம் மாணவரின் எழுத்தெண்ணியும் முதல் நாளிலேயே அவ்வாறு செய்துகொள்வது நலம். எழுத்துக்கு ‘கிரந்தத்தைச் சேர்த்து எண்ணுக, சேர்க்காது எண்ணுக’ என்பன போன்ற விருப்பங்களை மேக்ரோவாக வைக்காமல், செயற்கூற்றுக்குத் தரும் மதிப்பாகவே வைத்தால் மேற்சொன்ன முரண் எழவே இடமில்லை.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. விண்டோஸின் முதன்மை ஹெடர், பெரிதினும் பெரிது, சிறிதினும் சிறிது காணும் செயற்கூறுகளின் பெயர்களை மேக்ரோவாக வரையறுத்துவைத்திருப்பதால், அதற்குப் பின் சேரும் ஹெடர்கள் புரியாத பிழைகளால் நிறைந்துவிடுகின்றன. மூலக் கோப்பில் மறைந்திருக்கும் நிரலை இது தொடாது. ஹெடரில் வாழும் நிரல் மட்டுமே இவ்வாறு அயலார் வீட்டு விதிகளுக்கு உட்படுகிறது.

ஹெடர் மட்டுமேயானது என்றால் வேறெதையும் சாராதது என்று எண்ணிக்கொள்வதும் தவறு. இயந்திரக் கற்றலுக்குரிய எம்எல்பேக் லைப்ரரி ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் தோன்றி, கூகுளின் கோடைக்காலத் திட்டத்தின் வாயிலாக இந்திய மாணவர் பலரின் உழைப்பையும் பெற்று வளர்ந்தது; 2022இல் வெளிவந்த 4.0ஆம் பதிப்பில் அது ஹெடர் மட்டுமேயானதாக மாற்றப்பட்டது. அதுவரை கம்பைல் செய்து நிறுவுவதற்குப் பொறுமை வேண்டியிருந்த லைப்ரரி, அன்று முதல் சேர்த்துக்கொள்ள எளிதாயிற்று. ஆயினும் அது ஆர்மடில்லோவையும் என்ஸ்மாலனையும் சீரியலையும் சார்ந்தது. ஆர்மடில்லோ தன் பங்குக்கு அணிக்கணக்குகளை ஓப்பன்பிளாஸ் போன்ற, உண்மையாகவே கம்பைல் செய்யப்பட்ட லைப்ரரியிடம் ஒப்படைக்கிறது. ஆகவே எம்எல்பேக்கைக் கொண்டு நிரல் எழுதுபவர் ஹெடர்களை மட்டும் சேர்த்துவிட்டு நின்றால், லிங்கர் அறியாத பெயர்களைச் சொல்லி முறையிடும். சங்கிலியின் கடைசிக் கண்ணிவரை ஆராய்ந்து, கம்பைல் செய்த பொருள் எங்கே தொடங்குகிறது என்பதை ஆவணத்தில் எழுதிவைப்பது லைப்ரரி ஆசிரியரின் கடமை.

காலச் செலவின் வினா இவையெல்லாவற்றினும் தெளிவான சான்றுகளை உடையது. பில் நாஷ் தொடங்கிய கேட்ச் என்னும் பரிசோதனை லைப்ரரி, ஒரே ஹெடரைச் சேர்த்தாற் போதும் என்னும் சௌகரியத்தினாலேயே புகழ் பெற்றது. ஆனால் ஒவ்வொரு சோதனைக் கோப்பும் அப்பெரிய ஹெடரை முழுவதும் படிக்க வேண்டியிருந்தமையால், 2022இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு ஒற்றை ஹெடர் முறையைக் கைவிட்டு, கம்பைல் செய்யும் லைப்ரரியாகவே மாறிக்கொண்டது. ஜேசான் லைப்ரரியின் ஒற்றைக் கோப்பு 20,000 வரிகளுக்கு மேற்பட்டது. ஆதலால் அதன் ஆசிரியர் அறிவிப்புகள் மட்டும் அடங்கிய சிறு ஹெடரையும் உடன் தருகிறார். ஸ்பிடிலாக், எஃப்எம்டி ஆகிய லைப்ரரிகள் இரண்டு வடிவங்களிலும் கிடைக்கின்றன. ஸ்பிடிலாகின் குறிப்பு கம்பைல் செய்த வடிவத்தையே பரிந்துரைக்கிறது. மறுபுறம், பூஸ்ட் தொகுதியில் நெடுநாள் கம்பைல் செய்யவேண்டியிருந்த ரெகெக்ஸ் 2021இல் ஹெடர் வடிவத்துக்கு வந்துசேர்ந்தது. இவ்விரு திசைப் போக்கும் முரண் அல்ல. சோதனை லைப்ரரியை ஒரு நிரலில் நூற்றுக்கணக்கான கோப்புகள் சேர்க்கக்கூடும். அமைக்கும் வேலையும் நாளொன்றுக்குப் பலமுறை நிகழும். அங்கே மீண்டும் மீண்டும் செலுத்தும் விலை மிகுதி. சில கோப்புகள் மட்டும் தொடும் லைப்ரரிக்கு நிறுவும் தொல்லையே மிகுதி. இரண்டு வடிவையும் ஒரே மூலத்திலிருந்து தரும் எஃப்எம்டியின் முறையே, சிறிது பெரிதாக வளரக்கூடும் என்று எதிர்பார்க்கும் எந்த லைப்ரரிக்கும் சிறந்தது என்பது என் துணிபு. பழைய கணினியில் வேலைசெய்யும் மாணவருக்கு முன்கூட்டிக் கம்பைல் செய்த ஹெடர் என்னும் சிமேக்கின் வசதி ஓரளவு உதவும்.

பாதுகாப்பின் வினா ஒன்று எஞ்சியிருக்கிறது. பகிர்ந்து வழங்கும் லைப்ரரியில் ஒரு பிழை திருத்தப்பட்டால், அக்கோப்பை மாற்றினாற் போதும், அதனைச் சார்ந்த நிரல்கள் அனைத்தும் திருந்தும். ஹெடரில் திருத்தம் செய்தால், அதனைச் சேர்த்த நிரல்கள் ஒவ்வொன்றும் மீண்டும் கம்பைல் செய்யப்பட வேண்டும், எவையெவை சேர்த்தன என்று கண்டுபிடிப்பதும் எளிதன்று. பிறர் நிரலின் பிரதிகளைத் தொகுப்புக்குள் புதைத்துவைப்பதை டெபியனின் கொள்கைநூல் ஊக்குவிக்காமைக்கு இதுவே காரணம். நம்பத்தகாத இடத்திலிருந்து வரும் கோப்புகளைப் படிக்கும் லைப்ரரி ஒன்றை, படங்களைத் திறப்பவை போன்றவற்றை, ஹெடராகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டவர் அதன் திருத்தங்களைத் தாமே தொடர்ந்து கவனித்து வர வேண்டும். தமிழ் எழுத்தெண்ணிக்கும் இது பொருந்தும்: முறைகெட்ட பைட்டுகள் வந்தால் என்ன செய்வது என்பதை முதலிலேயே வரையறுக்காத லைப்ரரியைப் பிறர் நிரலுக்குள் விதைப்பது முறையன்று.

2020இன் தரநூல் மாட்யூல் என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஹெடரை ஒவ்வொரு கோப்பும் மீண்டும் படிக்கும் வீண்செலவை ஒழிப்பதும், மேக்ரோக்களின் ஊடுருவலைத் தடுப்பதும் அதன் நோக்கம். சிமேக் 2023 டிசம்பரில் வெளிவந்த 3.28ஆம் பதிப்பில் அதற்கு முறையான ஆதரவை அளித்தது. ஆனால் மாட்யூலைக் கம்பைல் செய்து கிடைக்கும் இடைக்கோப்பு ஒரு கம்பைலருக்கு உரியது மற்றொன்றுக்கு ஆகாது. ஒரே கம்பைலரின் வேறு பதிப்புக்கும் ஆகாமற் போகலாம். ஆகவே மாட்யூலையும் மூல வடிவிலேயே வழங்கி, வாங்குபவர் தம் கணினியில் அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கம்பைலரும் சிமேக்கும் புதியனவாக இல்லாத கல்லூரிக் கணினிகளில் அதுவும் உடனே இயலாது. ஆதலின் எழுத்தெண்ணி போன்ற லைப்ரரி எழுதுபவர் இன்று ஹெடராகவே எழுதி, இன்டர்ஃபேஸ் வடிவில் நிறுவி, அதே ஹெடரை உள்ளே சேர்த்துக்கொண்டு தன் பெயர்களை மட்டும் வெளிக்காட்டும் மாட்யூல் கோப்பு ஒன்றையும் விருப்பமுள்ளோர்க்காக உடன் வைத்துவிடலாம். ஜேசான், எஃப்எம்டி முதலியவற்றின் ஆசிரியர்களும் இத்திசையிலேயே செல்கிறார்கள்.